ராஜாராமன் வளர்த்த தாடி

ராஜாராமன் தாடி வளர்க்கிறார் என்பது பவானிபூரில் அந்த மூன்று மாடி வீட்டில் இருந்தவர்களுக்கு முதலில் வேடிக்கையாகவும், பிறகு கவலையாகவும், கடைசியில் ஒரு பொதுக் காரியமாகவும் ஆகிவிட்டது.

வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு நாள்கூடச் சவரம் செய்யாமல் வாசற்படி தாண்டாத மனிதர் அவர். கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில், கஸ்டம்ஸிலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கிற பிரிவில் உத்தியோகம். சட்டைக் காலர் வியர்வையில் கறுத்துப்போகிற கோடையிலும் கன்னம் மட்டும் பளபளவென்று இருக்கும். "மாமா கன்னத்துல ஈ உக்காந்தா வழுக்கி விழுந்துடும்" என்று மாடி வீட்டு அனந்தலக்ஷ்மி சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்ட கன்னத்தில் ஐப்பசியில் நரைமுள் தெரிந்தது. கார்த்திகையில் அது தாடி என்று ஒப்புக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

அவர் வீட்டில் அவர் ஒருவர்தான். மனைவி விஜயலட்சுமி புனேயில் மகள் சுப்ரியாவிடம் இருந்தாள். பிரசவத்துக்கு என்று போனவள். மூன்று மாதத்தில் வருவதாகச் சொல்லித்தான் போனாள். குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள், பல் முளைக்கட்டும் என்றாள், சுப்ரியா மறுபடி வேலைக்குச் சேரட்டும் என்றாள். இப்போது குழந்தை பள்ளிக்கூட வேனில் ஏறிப் போகிறது.

சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை என்றுகூட ராஜாராமன் சில சமயம் நினைத்ததுண்டு. சண்டைக்கு ஒரு முடிவாவது இருக்கும். தினமும் சாயங்காலம் போன் வரும். "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "இங்க ஒரே மழை." "இங்கயும்தான்." நடுநடுவே பார்சல் அனுப்பச் சொல்லுவாள். முதலில் படிக்கிற கண்ணாடி. அப்புறம் கம்பளிச் சால்வை. அப்புறம் இட்லித் தட்டு. இட்லித் தட்டைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டிய அன்றைக்குத்தான், அவள் திரும்பி வரப்போவதில்லை என்பது அவருக்குப் புரிந்தது. வா என்று அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டு, அவள் வரவில்லை என்றால் என்ன செய்வது? கூப்பிடாத வரைக்கும் அவள் வராததற்குக் குழந்தை காரணம், மழை காரணம், ரயிலில் கூட்டம் காரணம்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் காலையில் அதே பஸ்ஸில் கிடர்பூருக்குப் போய்க்கொண்டிருந்தார். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. துறைமுகத்துப் பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீரைப் பார்த்தபடி ஒரு சிமெண்ட் மேடை உண்டு. மண் குவளையில் டீ வாங்கிக்கொண்டு அதில் உட்காருவார். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். தண்ணீர் எண்ணெய்ப் படலத்தோடு அசையாமல் கிடக்கும். ஏதாவது படகு போனால் மட்டும் கொஞ்சம் கலங்கும். வெயில் ஏறியதும் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவார்.

எதிரே தார்ப்பாய் விற்கிற கடைக்கு மேல் மாடியில் ஒரு பெண் படம் வரைந்துகொண்டிருந்தாள். மேக்னா பிஸ்வாஸ் என்று பெயர். நாற்பதை ஒட்டிய வயது, குட்டையாக வெட்டிய முடி. ஒருநாள் அவளே இறங்கி வந்து, கையில் இருந்த பெயிண்டைக் கந்தலில் துடைத்தபடி வங்காளத்தில் கேட்டாள்.

"தினமும் இங்க யாருக்காகக் காத்திருக்கீங்க?"

"யாருக்காகவும் இல்லையே" என்றார் ராஜாராமன். அவருக்குத் தமிழைவிட வங்காளம் சரளமாக வரும்.

"ஆனா காத்திருக்கீங்க. ரெண்டு மாசமா மேலேயிருந்து பாக்கறேன். எனக்கு அந்த மாதிரி ஒருத்தர்தான் வேணும்."

மேலே போய்ப் பார்த்தபோது அறை முழுக்கத் துன்பப்படுகிறவர்களாக இருந்தார்கள். பூட்டிக் கிடந்த சணல் ஆலையின் வாசலில் ஒரு கிழவர் உட்கார்ந்து ஓட்டுச் சில்லால் உடம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். யோபு என்றாள் மேக்னா. ராஜாராமன் பாதிரியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவர், அந்தப் பெயர் நினைவிருந்தது. இன்னொன்றில் சியால்தா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு பெண், காலி பிளாஸ்டிக் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, தன் குழந்தையை எட்டப் படுக்கவைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் ஆகார், வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்டவள், தாகத்தில் பிள்ளை சாவதைப் பார்க்க மனம் இல்லாதவள்.

"எங்க அம்மா ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி இந்தக் கதைங்களைத்தான் வாசிப்பாங்க" என்றாள் மேக்னா. "அதுல வர்ற அற்புதங்கள் மேல எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. கஷ்டங்கள் மேல மட்டும் போகல. அதனால அற்புதம் நடக்கறதுக்கு முந்தின நிமிஷத்தோட நிறுத்திப்பேன்."

அவருக்கு அவள் சொன்ன கதை இது. எருசலேமில் ஒரு குளம். ஐந்து மண்டபங்கள். அவற்றில் குருடர், முடவர், நோயாளிகள் என்று நிறையப் பேர் படுத்திருப்பார்கள். எப்போதாவது தேவதூதன் இறங்கி வந்து தண்ணீரைக் கலக்குவான். கலங்கியதும் முதலில் இறங்குகிற ஒருவனுக்கு மட்டும் நோய் தீரும். அங்கே ஒருவன் முப்பத்தெட்டு வருஷமாகப் படுத்திருந்தான். இயேசு அவன் பக்கத்தில் வந்து, உனக்குக் குணமாக வேண்டுமா என்று கேட்டார்.

"அவன் என்ன சொன்னான்?"

"அதுதான் விஷயம். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் சொல்லல. என்னைத் தண்ணில இறக்கிவிட ஆள் இல்லைன்னான்."

ராஜாராமன் ஜன்னல் வழியாகத் தன் சிமெண்ட் மேடையைப் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை வந்தா போதுமா?" என்றார்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. சட்டையைக் கழற்றிவிட்டு, கோரைப் பாயில் ஒரு முழங்கையை ஊன்றி அவர் சாய்ந்திருக்க வேண்டும். முதல் நாள் பூணூல் பற்றி ஒரு பேச்சு வந்தது. கழற்ற மாட்டேன் என்றார். "வேண்டாம், கழற்றாதீங்க. படத்துல அது ஆபரேஷன் தழும்பாட்டம் இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மேக்னா. அவருக்குச் சிரிப்பு வந்தது. அசையக் கூடாது என்பதால் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

டர்பென்டைன் வாடையும் கீழேயிருந்து வருகிற தார்ப்பாய் வாடையுமாக அந்த அறை மூச்சை அடைக்கும். ஜன்னல் விளிம்பில் புறாக்கள் முணுமுணுக்கும். மேக்னா அதிகம் பேச மாட்டாள். ஆனால் பார்ப்பாள். தோள்பட்டை எலும்பைப் பார்ப்பாள், கால் விரல்களைப் பார்ப்பாள், நகத்தில் இருந்த வெடிப்பைப் பார்ப்பாள். கடைசியாகத் தன்னை இவ்வளவு அக்கறையாகப் பார்த்தது யார் என்று யோசித்தபோது அவருக்குக் கண் டாக்டர்தான் ஞாபகம் வந்தார். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த அறையை நினைத்துக்கொண்டே கழிந்தன.

மேக்னாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. முகத்தைக் கடைசியில்தான் வரைவாள். "முதல்லயே வரைஞ்சுட்டா உடம்பு முகத்துக்கு எடுபிடி வேலை செய்ய ஆரம்பிச்சுடும்" என்பாள். அதனால் பாய் வந்தது, கை வந்தது, கிடர்பூர் கிடங்கின் இரும்புத் தூண்கள் மண்டபமாக வந்தன, எண்ணெய் மிதக்கிற தண்ணீர் வந்தது. கழுத்துக்கு மேல் மட்டும் வெறும் கித்தான். அதற்காகத்தான் தாடி. படம் முடிகிற வரை சவரம் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

முதலில் கேட்டவள் அனந்தலக்ஷ்மி. மாடிப்படியில் காய்கறிப் பையோடு வழிமறித்தாள்.

"என்ன மாமா, ஆளே மாறிண்டு வரேள்? பிளேடு தீந்து போச்சா, இல்ல இந்த வயசுல காதல் தோல்வியா?"

உண்மையைச் சொல்ல ராஜாராமன் வாயைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பெண்ணின் அறையில் சட்டையில்லாமல் பாயில் படுத்துக்கொண்டு இயேசு கதைப் படத்துக்கு ஆளாக இருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? விளக்கேற்றுவதற்குள் அது புனேவுக்குப் போய்விடும்.

"வேண்டுதல்" என்றார்.

அனந்தலக்ஷ்மியின் முகம் மாறிவிட்டது. கேலி போய் மரியாதை வந்தது. "பெருமாளுக்கா?"

"ஆமாம்."

"மாமிக்குத் தெரியுமோ?"

அவர் தலையை ஆட்டினார். தெரியும் என்பதாகவும் எடுத்துக்கொள்ளலாம், தெரியாது என்பதாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஆட்டினார்.

அந்த ஒரு வார்த்தை கேள்விகளை அடைத்துவிடும் என்று அவர் நினைத்தார். ஒரு விதத்தில் அடைத்தது. என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பலிக்காது என்று அவர்களுக்குள் பேச்சு. ஆனால் தாடிக்குக் கிடைத்த மதிப்பை அவர் எதிர்பார்க்கவில்லை. மார்கழி பஜனையில் அவருக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். கோயிலில் குருக்கள் தொன்னையில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தார். இத்தனை வருஷம் பார்த்தும் பார்க்காமல் போனவர்கள் நின்று, "நல்லபடியா முடியும் சார்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்கள். எது முடியும் என்று அவர்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

பிறகு ஒருநாள் அனந்தலக்ஷ்மியின் கணவர் பாலசுப்ரமணியன் கதவைத் தட்டினார். வங்கியில் மேனேஜர், எந்தக் காரியத்தையும் பாதியில் விடாதவர். கையில் போனை நீட்டிப் பிடித்திருந்தார்.

"பொண்ணு மிருதுளாவுக்கு கேம்பஸ் இன்டர்வியூல வேலை கிடைச்சா குடும்பத்தோட வரோம்னு வேண்டிண்டிருந்தோம். கிடைச்சுடுத்து. பொங்கல் கழிஞ்சு திருப்பதி போறோம். உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுட்டேன். லோயர் பெர்த்."

"எனக்கு எதுக்கு பாலு..."

"தனியா எங்க போவேள் மாமா? வேண்டுதலை நாள் கடத்தப்படாது. முடியைக் குடுத்துட்டு நிம்மதியா வாங்கோ. எங்களுக்கும் புண்ணியம்."

அவர் போன பிறகு ராஜாராமன் கண்ணாடியின் முன்னால் நின்றார். தாடி கழுத்தை மறைக்க ஆரம்பித்திருந்தது. பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. மேக்னா இன்னும் முகத்தில் கை வைக்கவில்லை.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த ஞாயிறே முகத்தை முடித்துவிடுவாள். முடித்துவிட்டால் அவர் அங்கே போக வேண்டிய அவசியம் இல்லை. சொல்லாமல் திருப்பதிக்குப் போனாலோ நாவிதர் தாடியையும் தலையையும் சேர்த்து வழித்துவிடுவார். மொட்டைத் தலையோடு வருகிறவரை அவள் எதற்காக உட்கார வைப்பாள்? படம் முடிந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். தாடி போனாலும் போய்விடும். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்ப் பாயில் சாய்ந்துகொண்டார்.

"முகம் எப்போ?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார்.

"வர்றப்போ வரும். இடது கையை இறக்கிட்டீங்க, ராஜாராம்தா. முன்னாடி மாதிரி வைங்க." பெயரோடு 'தா' சேர்த்தால் வங்காளத்தில் அண்ணா என்று அர்த்தம்.

பொங்கலுக்கு மறுநாள் காலையில், வழக்கமில்லாத நேரத்தில், போன் அடித்தது. விஜயலட்சுமி. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் எடுத்தார்.

"என்ன வேண்டிண்டேள்?" என்றாள் அவள், எடுத்த எடுப்பில்.

"யார் சொன்னா?"

"அனந்தலக்ஷ்மி சொன்னா. பொங்கல் வாழ்த்து சொல்லக் கூப்பிட்டா. மார் வரைக்கும் தாடின்னா. மாமி, உங்களுக்குத்தான் தெரியுமேங்கறா. எனக்கு என்ன தெரியும்? நான் ஆமாம் ஆமாம்னு சொல்லி வெச்சேன். உடம்புக்கு ஏதாவதா? எங்கிட்ட மறைக்கறேளா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப என்ன வேண்டிண்டேள்? சொல்லுங்கோ."

அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது. சாப்பிட்டாச்சா என்பதைத் தவிர வேறு ஒன்றை அவள் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது! நீ வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். பொய்தான். ஆனால் அதைவிட உண்மையான ஒன்றை அவர் சொல்லியிருக்க முடியாது.

"இங்க யாரும் இல்ல" என்றார். "பால்காரன் வந்தா கதவைத் திறக்க ஆள் இல்ல. கேஸ் தீந்துபோனா சிலிண்டரை மாத்த ஆள் இல்ல."

அந்தப் பக்கம் குழந்தை எதற்கோ சிணுங்கியது.

"பாத்திரம் தேய்க்கற லதாவை ரெண்டு வேளையும் வரச் சொல்லுங்கோ" என்றாள் விஜயலட்சுமி. அவள் குரல் பழையபடி ஆகிவிட்டது. "சமைச்சு வெச்சுட்டுப் போகட்டும். சிலிண்டரும் அவளே மாத்துவா. இதுக்கா பெருமாள்கிட்ட போனேள்?"

போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவள் கேட்டது ஒன்று. அவர் சொன்னது வேறு. குளக்கரையில் படுத்திருந்தவன் சொன்னதை அட்சரம் பிசகாமல் அப்படியே சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை படி ஏறியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. சட்டையைக் கழற்றாமலே எல்லாவற்றையும் மேக்னாவிடம் கொட்டினார். வேண்டுதல், டிக்கெட், போன், சிலிண்டர். அவர் நிறுத்தியதும் மேக்னா மேஜையிலிருந்து ஒரு மெல்லிய தூரிகையை எடுத்தாள்.

"உட்காருங்க. இன்னிக்கு முகம்."

காலையில் ஆரம்பித்தவள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அவர் அசையாமல் கிடந்தார். முதலில் போனும் சிலிண்டரும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு புறாக்களின் சத்தம் காதில் விழ ஆரம்பித்தது. வெயில் பாயின் ஓரத்துக்கு வந்தது. முழங்கைக்கு அடியில் கோரை பழகிய இடத்தில் குத்தியது. எங்கேயோ ஒரு கப்பல் ஊதியது. பிற்பகலில் அவள் தூரிகையைப் போட்டுவிட்டு, "வந்து பாருங்க" என்றாள்.

படத்தில் இருந்தவன் அவர்தான். அதில் சந்தேகமில்லை. கன்னத்துக் குழி, தாடி, காது மடல் எல்லாமே அவருடையவை. ஆனால் அழுதுகொண்டிருப்பான், அல்லது ஏங்கிக்கொண்டிருப்பான் என்று அவர் நினைத்திருந்தார். அவன் அழவில்லை. பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள். அவர்கள் நிழல் பாயின்மேல் விழுந்திருக்கிறது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அசையாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் ஒரு சௌகரியம் தெரிந்தது.

"இவனை இறக்கிவிட யாராவது வந்தாக்கூட வேண்டாம்னு சொல்லிடுவான் போல இருக்கே" என்றார் ராஜாராமன்.

"ஆமா."

"நான் இப்படியா இருக்கேன்?"

மேக்னா கந்தலை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "காலையில உள்ள வந்தப்ப இப்படி இல்ல. முதல்ல அதைத்தான் வரைஞ்சேன். நீங்க படுத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் அது போயிடுச்சு. அதை அழிச்சுட்டு இதை வரைஞ்சேன். பாய்ல சாஞ்சதும் உங்களுக்கு ஒரு நிம்மதி வந்துடுது, ராஜாராம்தா. ஒவ்வொரு வாரமும் பாத்திருக்கேன்."

"பாவம்னு தோணலையா உனக்கு?"

"தோணிச்சு. பாவம்னு வரைஞ்சிருந்தா பொய்யாயிருக்கும்."

அவருக்குக் கோபம் வந்தது. அவளிடம் கோபப்பட என்ன இருக்கிறது என்பதும் தெரிந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தான்களை மாற்றி மாட்டி, மறுபடி அவிழ்த்து மாட்டினார். அடுத்த வாரம் வர வேண்டியதில்லை, படம் காய வேண்டும் என்றாள் மேக்னா. எப்போதாவது டீ குடிக்க வாருங்கள் என்றும் சொன்னாள். எப்போதாவது என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். புனேயிலிருந்து வந்த தலை நிற்கட்டும், பல் முளைக்கட்டும் எல்லாம் அதே எப்போதாவதுதான்.

கீழே இறங்கியதும் கால் தானாகச் சிமெண்ட் மேடைப் பக்கம் போனது. பாதி வழியில் நின்றார். அங்கே உட்கார்ந்தால் அவள் ஜன்னலிலிருந்து தெரியும். உட்காராமல் திரும்பி, வந்த முதல் பஸ்ஸில் ஏறினார். காளிகாட்டில் இறங்கி, பூக்கடைகளுக்கும் வளையல் கடைகளுக்கும் நடுவில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார். ஒரு சந்தில் பீகார்க்காரர் ஒருவரின் சலூன் காலியாக இருந்தது.

"ட்ரிம்மா, பூரா எடுக்கணுமா?"

"பூரா."

தாடி துண்டின்மேல் கொத்துக் கொத்தாக விழுந்தது. உள்ளேயிருந்து வந்த முகம் அவர் ஞாபகத்தில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. காற்று பட்டுக் கன்னம் எரிந்தது.

வீட்டில் படியேறும்போது அனந்தலக்ஷ்மி எதிரே வந்தாள். கையிலிருந்த பக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டாள்.

"ஐயையோ! மாமா! என்ன காரியம் பண்ணிட்டேள்! பெருமாளுக்குன்னு நேர்ந்துண்டதைக் கடையில போய் எடுத்துட்டு வந்து நிக்கறேளே! நாளன்னிக்கு ட்ரெயின்!"

"வேண்டுதலே கிடையாதும்மா. பொய் சொன்னேன்."

"பொய்யா? எதுக்கு?"

"ஒரு பொண்ணு படம் வரையறா. அதுல ஒரு நோயாளி. அவனுக்குத் தாடி வேணும். அதுக்கு நான் போய்ப் போய் உக்காந்துண்டிருந்தேன்."

அனந்தலக்ஷ்மி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவளுக்குப் புரியவில்லை. "ஊர் பூரா உங்களுக்காக வேண்டிண்டிருக்கா. குருக்கள் அர்ச்சனை வேற பண்ணிட்டார். படத்துக்கு உக்கார கிடர்பூர் வரைக்கும் போவேள். தலைக்கு மேல இருக்கோம், எங்காத்துல வந்து ஒருநாள் உக்காந்திருப்பேளா?"

"நீங்க கூப்பிடலையே."

"மாடிப்படி ஏறறதுக்குக் கூப்பிடணுமா மாமா? கூப்பிட்டாத்தான் வருவேளா?"

சொல்லிவிட்டு, கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, "டிக்கெட்டைப் பத்தி அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்கோ. நான் சொன்னா கத்துவார்" என்று முணுமுணுத்தபடி மேலே போனாள்.

ராஜாராமன் கதவைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போட்டார். வழக்கமாக இந்த நேரத்தில் போனை மேஜையில் வைத்துவிட்டு, அது அடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இன்று உட்காரவில்லை. நின்றபடியே எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் மணி நெடுநேரம் அடித்தது.

"என்ன, நீங்க கூப்பிடறேள்?" என்றாள் விஜயலட்சுமி. பின்னால் டிவியில் ஏதோ கார்ட்டூன் கத்திக்கொண்டிருந்தது.

"அன்னிக்குக் கேட்டியே, என்ன வேண்டிண்டேன்னு. ஒண்ணும் வேண்டிக்கல. தாடி சமாசாரம் வேற, அதை நேர்ல சொல்றேன். நான் அங்க வரேன்."

"எங்க?"

"புனேக்கு."

டிவிச் சத்தம் குறைந்தது. வேறு அறைக்குப் போகிறாள் போலிருக்கிறது. கதவு மூடுகிற ஓசை கேட்டது.

"சுப்ரியாவைக் கேக்கணும். மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ. இருக்கறது ரெண்டு ரூம்."

"அவாளை அப்புறம் கேக்கலாம். நான் இப்ப உன்னைக் கேக்கறேன். எனக்கு உன்னோட இருக்கணும். வரட்டுமா?"

கேட்டுவிட்டார். கேட்ட பிறகு கையில் இருந்த போன் கனத்தது. வேண்டாம் என்று அவள் சொல்லக்கூடும். இத்தனை வருஷமாக அவர் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தது அந்த வார்த்தையைத்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"இத்தனை நாள் இல்லாம இப்ப என்ன?" என்றாள் அவள். குரலில் வருத்தமா எரிச்சலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எப்ப வரப்போறேன்னு கேட்டிருக்கலாமோல்லியோ? நான் சொன்னதுக்கெல்லாம் சரி சரின்னேள். இட்லித் தட்டை அனுப்புங்கோன்னேன். அதையும் அனுப்பி வெச்சேள்."

இட்லித் தட்டை அவள் கேட்டதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருந்திருக்கும் என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

"கேட்டிருக்கலாம்" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷமாக இருக்கலாம்.

"ஹால்லதான் படுத்துக்கணும்" என்றாள் கடைசியில். "விடிகாலையில வேலைக்காரி வந்துடுவா, எழுந்துண்டுடணும். இங்க நான் உங்களுக்குன்னு தனியாக் காபி போட்டுண்டு நிக்க முடியாது. குழந்தையைக் கிளப்பணும், டப்பா கட்டணும், வேன் வந்துடும்."

"சரி."

"எல்லாத்துக்கும் சரி சொல்லாதேங்கோ" என்றாள். பிறகு, "எந்த ட்ரெயின்?" என்று கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை. புனேவுக்கு ஹௌராவிலிருந்து எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று இவ்வளவு காலத்தில் அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பாலுவைக் கேட்டால் தெரியும். போனைக் காதில் வைத்துக்கொண்டே, வீட்டைப் பூட்டாமல், ராஜாராமன் மாடிப்படி ஏறத் தொடங்கினார்.